புத்தூர் டெஸ்ட்

ஸ்ரீரங்கம்
12 ஜூலை 2025

அன்புள்ள அக்னஸ்,

மூன்று வாரமாக உனக்குப் போன் செய்கிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய் என்பது எனக்கு நேற்றுதான் உறைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை புத்தூருக்கு நேரிலும் வந்தேன். மாடி ஜன்னலிலிருந்து நீ பார்த்ததை நானும் பார்த்தேன். கதவு திறக்கவில்லை. அதனால் இந்தக் கடிதம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் வகுப்பில் மொத்தம் இரண்டே பெண்கள், நீயும் நானும். மூன்று வருடம் ஒரே பெஞ்சு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஜூன் 18 அன்று நடந்ததற்கு நான் வருந்துகிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதிய பிறகு அந்த வார்த்தை போதவில்லை. உன் கோபம் விபத்துக்காக மட்டும் இல்லை, அதற்கு மூன்றாம் நாள் எங்கள் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்துக்காகவும்தான் என்று எனக்குத் தெரியும். ‘கிளட்ச் பிளேட்டில் குறை இல்லை, ஓட்டியவரின் தவறான கையாளுதலே காரணம்’ என்ற அந்தக் கடிதத்தின் கீழே இருந்தது என் கையெழுத்து. பிளேட்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல் போட்ட கையெழுத்து அது. எங்கள் ஆலைத் தலைவர் பிலோமின்ராஜ் சார் தட்டச்சு செய்து கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நான் படித்தேன், போட்டேன். நாலு வருடமாக நான் கலவை மாற்றி மாற்றிச் செய்து, ஓட்டிப் பார்க்கச் சொல்லி உன் டிரைவிங் ஸ்கூல் காருக்கு நானே கொடுத்த பிளேட் அது. அதில் குறை இருக்கும் என்று நினைக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை.

இப்போது கேட்கிறேன். அந்த பிளேட் உன்னிடம் இருந்தால் எனக்குக் கொடு. நான் பார்க்க வேண்டும்.

மணிமேகலை

*

புத்தூர்
17 ஜூலை 2025

மணிமேகலைக்கு,

பிளேட் என்னிடம்தான் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் அரிசிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். கழற்றிய மெக்கானிக் ஜமால் பாய், “இதத் தூக்கிப் போட்டுறாதீங்கம்மா, யாராவது வந்து கேப்பாங்க” என்றார். கேட்க ஒரு மாதம் ஆகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சொல்கிறேன், கேட்டுக்கொள். முந்தின நாள் சாயங்காலம்தான் வண்டியில் உன் பிளேட்டை மாட்டியிருந்தோம். காலை பத்தரை மணி. ஓட்டியது ஸஹ்ரா. இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், வயது முப்பத்திநாலு, அது அவளுக்குப் பதினோராவது நாள். பொன்மலைப் பக்கம் ரயில் மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் பஸ் நின்றது, நாங்களும் நின்றோம். பஸ் நகர்ந்தது. அவள் நான் சொல்லிக் கொடுத்தபடியே கிளட்ச்சை மெதுவாக விட்டு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாள். இன்ஜின் கத்தியது. வண்டி முன்னால் போகவில்லை. கருகல் வாடை குப்பென்று வந்தது. வண்டி பின்னால் இறங்க ஆரம்பித்தது. என் பக்கத்திலும் பிரேக் உண்டு, நான் உடனே போட்டிருக்கலாம். ஆனால் பிளேட் இதோ பிடித்துவிடும், இதோ பிடித்துவிடும் என்று காத்திருந்தேன். உன் பிளேட் என்பதால் காத்திருந்தேன். பிரேக்கை மிதிப்பதற்குள் பின்னால் வந்த ஸ்கூட்டர் எங்கள் வண்டிக்கு அடியில் போய்விட்டது. ஓட்டி வந்தவர் குதித்துத் தப்பினார். நாங்கள் பாலத்துச் சுவரில் போய் மோதினோம். ஸஹ்ராவுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. ஊசி போடுகிற கை.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரணை முடியும்வரை பயிற்சி கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பத்தொன்பது வருடமாகப் புத்தூரில் பெண்கள் வண்டி கற்றுக்கொள்ள வருகிற இடம் என் ஸ்கூல். இப்போது ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. உன் கம்பெனி கடிதத்தின் நகல் அந்த ஃபைலில் முதல் தாளாக இருக்கிறது.

பிளேட்டை ஜமால் பாயிடம் கொடுத்து அனுப்புகிறேன். வீட்டுக்கு வராதே. எழுத வேண்டுமென்றால் எழுது. போனில் உன் குரலைக் கேட்டால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

அக்னஸ்

*

ஸ்ரீரங்கம்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்னஸ்,

பிளேட் வந்தது. நீ அனுப்பியதற்கு நன்றி.

அதன் இரு பக்கமும் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. நகத்தால் கீறினால் நகம் வழுக்குகிறது. நல்ல பிளேட்டின் மேல்பரப்பு சொரசொரவென்று இருக்க வேண்டும், அந்தச் சொரசொரப்புதான் இன்ஜினின் சக்தியைப் பிடித்துச் சக்கரத்துக்குத் தருகிறது. உன்னுடையது அளவுக்கு மீறிச் சூடேறி, உள்ளே இருக்கிற பிசின் உருகி மேலே வந்து படிந்திருக்கிறது.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. எங்கள் சோதனை மெஷினில், அதே கலவையில் செய்த புது பிளேட்டை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மெஷினை இயக்கும் ராமர் அண்ணன் இரண்டு வாரம் எனக்காக டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. மூன்று தடவையும் பாஸ். பிடி கொஞ்சமும் குறையவில்லை. பிலோமின்ராஜ் சார் முடிவைப் பார்த்துவிட்டு, “அப்புறம் என்னம்மா, ஓட்டுனவங்க தப்புதானே? ஃபைல மூடிரலாம்ல?” என்றார்.

அக்னஸ், உன்னை ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் இருக்கத்தான் நாலு நாளாகக் கடிதத்தைத் தள்ளிப்போட்டேன். உன் பக்கத்திலும் ஒரு கிளட்ச் பெடல் இருக்கிறது. கம்பெனிக்கு வந்த விசாரணை நகலைப் படித்தேன், நீ உன் கால் தரையில் இருந்தது என்று சொல்லியிருக்கிறாய். ஸஹ்ரா, அக்காவின் கால் பெடல் மேலே இருந்தது என்று சொல்லியிருக்கிறாள். கால் பெடலில் இருந்தால் பிளேட் முழுதாகப் பிடிக்காது, உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும். இது உனக்குத் தெரியாதது இல்லை. முதல் நாள் வகுப்பில் நீ எல்லோருக்கும் சொல்வதே இதைத்தான்.

உன் கால் எங்கே இருந்தது?

நாளை ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் பக்கம் இப்போதே நடக்க இடமில்லை. ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடுகிறது. எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

மணிமேகலை

*

புத்தூர்
9 ஆகஸ்ட் 2025

மணி,

பெடல் மேலேதான் இருந்தது.

எழுதிவிட்டேன். ஒரு வாரமாக இந்த ஒரு வரிக்குத்தான் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

என் இடது கால் பத்தொன்பது வருடமாக அங்கேதான் இருக்கிறது. கற்றுக்கொள்கிறவர்கள் எப்போது எதைச் செய்வார்கள் என்று தெரியாது. கால் தரையில் இருந்தால் எனக்குப் பயம். அழுத்த மாட்டேன், சும்மா வைத்திருப்பேன். ஊருக்கெல்லாம் வைக்காதே என்று சொல்வேன், நான் வைப்பேன். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் கேட்டபோது, யோசிக்காமல் “தரையிலதான் சார் இருந்துச்சு” என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அப்புறம் மாற்ற முடியவில்லை. கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஸஹ்ரா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து நான் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. உன் மேல் கோபப்பட்டது எனக்கு வசதியாக இருந்தது, மணி. உன் பிளேட்டைத் திட்டுகிற நேரத்தில் என் காலைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்கு அந்தப் பாலம் வழியாகத்தான் தினமும் போகிறார். “சுவர்ல அடிச்ச இடத்தப் பூசிட்டாங்க” என்று ஒருநாள் வந்து சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை உன் சாரிடம் காட்டு. உன் பிளேட்டும் உன் பெயரும் பிழைக்கட்டும். நாலு வருட உழைப்பு என் காலால் போக வேண்டாம். ஸ்கூலை மூடிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு கார்களையும் பார்க்க அடுத்த மாதம் லால்குடியிலிருந்து ஆள் வருகிறார்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. கால் எத்தனையோ வருடமாக அங்கே இருக்கிறது. பழைய பிளேட் எதுவும் இப்படி ஆனதில்லை. தினமும் மணிக்கு நாற்பது தடவையாவது வண்டி நின்று கிளம்பும். இன்ஜின் அணையும், மறுபடி போடுவோம், மறுபடி ஏறும். பழையவை தேய்ந்து போகும், அவ்வளவுதான். இனிமேல் அதை யோசித்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

அக்னஸ்

*

ஸ்ரீரங்கம்
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்னஸ்,

உன் கடிதத்தை இரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு துவாக்குடி ஆலைக்குப் போய் வந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும். காட்டிவிடலாம் என்று முதல் நாள் நினைத்தேன். சாரின் அறை வாசல்வரை போனேன். அவர் போனில் இருந்தார். காத்திருந்த ஐந்து நிமிஷத்தில் உன் கடைசிப் பத்தியை மறுபடி படித்தேன். மணிக்கு நாற்பது தடவை. பழைய பிளேட் எதுவும் இப்படி ஆனதில்லை. திரும்பி லேபுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் சோதனையில் ஒவ்வொரு முறையும் பிளேட்டைப் பிடிக்க வைத்து, விடுவித்து, ஆறவிட்டு, சூடு இறங்கிய பிறகுதான் அடுத்த முறை பிடிக்க வைப்போம். சாலையில் போகிற காருக்கு அது சரி. ஆனால் எல் போர்டு கார் ஆறுவதே இல்லை. பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஆறவிடாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

முதலில் உன் காலை அளந்தோம். அதாவது என் காலை. நாம் இருவரும் ஒரே எடைதானே. யார்டில் நின்ற உன் மாடல் காரிலேயே பெடல் மேல் சிறு தராசு வைத்து, காலைச் சும்மா வைத்துப் பார்த்தேன். பிளேட்டை அழுத்துகிற விசையில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. அந்த அளவு குறைத்து, கடையில் விற்கிற சாதாரண பிளேட்டை மெஷினில் போட்டு, ஆறவிடாமல் மணிக்கு நாற்பது தடவை ஓட்டினோம். நாற்பதும் தாங்கியது. அடுத்து என் பிளேட், அதே மாதிரி, கால் வைத்த அளவோடு. முப்பத்தொன்றாவது தடவை வழுக்கியது.

அப்புறம்தான் முக்கியமானது. என் பிளேட்டையே, கால் வைக்காமல், முழு அழுத்தத்தோடு ஓட்டினோம். ராமர் அண்ணன் எண்ணிக்கொண்டே இருந்தார். முப்பத்துமூன்றாவதில் கருகல் வாடை வந்தது. அவர் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அம்மா, கால் இல்லாமலே போயிருச்சும்மா” என்றார்.

அக்னஸ், உன் காலின் பங்கு இரண்டு தடவை. மீதி என் கலவை. நீ காலைத் தரையில் வைத்திருந்தாலும் அன்றைக்கு அது அந்தப் பாலத்திலோ, இறங்கிய பிறகு அடுத்த சிக்னலிலோ வழுக்கியிருக்கும். பிளேட் அதிக நாள் உழைக்க வேண்டும் என்று நான் சேர்த்த பிசின், தொடர்ந்து சூடேறினால் மேலே வந்துவிடுகிறது.

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. இந்த முடிவைத்தான் கொடுத்தேன். சார் தாளை இரண்டு தடவை படித்தார்.

“இத மேல அனுப்பினா உன் பிளேட் முடிஞ்சுது, தெரியுதுல்ல?”

“தெரியுதுங்க சார்.”

“நீ போட்ட கையெழுத்து?”

“அது தப்புன்னு எழுதி, அதுலயும் கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். கடைசித் தாள்.”

அவர் தாளை எடுத்து மேஜை டிராயரில் வைத்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, சோதனைக்காக வெளியே கொடுத்த நாற்பத்திரண்டு பிளேட்டுகளையும் திரும்ப வாங்கச் சொன்னார். இன்றுவரை முப்பத்தாறு வந்திருக்கின்றன. ஐந்தில் அதே பளபளப்பு. அதில் ஒன்று பச்சைமலைக்கு ஆள் ஏற்றிப் போகிற வேனிலிருந்து கழற்றியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டோர் ரூம் படியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை, மலையில் வழுக்குவதற்குள் கைக்கு வந்துவிட்டதே என்று.

கம்பெனி தன் முதல் கடிதத்தைத் திரும்பப் பெற்று ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எழுதியிருக்கிறது. நகல் இதனுடன் இருக்கிறது. உன் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். அது உன்னுடையது, நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

மணிமேகலை

*

புத்தூர்
1 செப்டம்பர் 2025

மணி,

போஸ்ட்மேன் கொடுத்ததைக் கேட்டிலேயே நின்று பிரித்தேன். ‘கால் இல்லாமலே போயிருச்சு’ என்ற இடம் வந்ததும் அப்படியே சைக்கிள் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டேன். எதிர்வீட்டம்மா என்னமோ சாவுச் செய்தி என்று நினைத்து ஓடி வந்தார்.

நீ என் கடிதத்தை மறைத்தாய். அதனால் நான் மறைக்க முடியாமல் போய்விட்டது. மறுநாள் காலையிலேயே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். உங்கள் கம்பெனி தாள் ஏற்கெனவே வந்திருந்தது. இன்ஸ்பெக்டர், “இனி உங்க மேல ஒண்ணுமில்லம்மா, போயிட்டு வாங்க” என்றார். நான் உட்கார்ந்தேன். கால் பெடலில்தான் இருந்தது, நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதை ஏன் இப்போது வந்து சொல்கிறீர்கள் என்று கேட்டார். சொல்லாமல் போனால் மறுபடியும் இங்கே வரவேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னேன். புது வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டார். அக்டோபர் முடியும்வரை பயிற்சி கூடாது, அதற்குப் பிறகு நானே ஒரு தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. பத்தொன்பது வருடத்துக்கு அப்புறம் எனக்கே டெஸ்ட். நியாயம்தான்.

அங்கிருந்து நேராக ஸஹ்ரா வீட்டுக்குப் போனேன். கட்டுப் பிரித்துவிட்டார்கள். ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பந்தை அமுக்குவதை நிறுத்தவில்லை.

“கால் இருந்துச்சுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. நீங்க இல்லன்னு சொன்னதுதான் கஷ்டமா இருந்துச்சு. நான் ஓட்டத் தெரியாம இடிச்சிட்டேன்னு எங்க வீட்ல இன்னும் நினைச்சிட்டு இருக்காங்க.”

அப்புறம் உள்ளே போய், தன் மாமியாரையும் வீட்டுக்காரரையும் கூட்டிவந்து என் முன்னால் உட்கார வைத்து, “இப்ப சொல்லுங்க” என்றாள். இரண்டாவது தடவை சொன்னேன். அது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. மாமியார் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பும் வழியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். ஒரு மரத்தடியில் மோர் கொடுத்தார்கள். பாதயாத்திரை போகாத நானும் வாங்கிக் குடித்தேன்.

லால்குடிக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் நம்பரை இன்னும் பிளாக்கிலிருந்து எடுக்கவில்லை. கோபத்தால் இல்லை. கடிதத்தில் நீ ஒழுங்காகப் பேசுகிறாய்.

அக்னஸ்

*

ஸ்ரீரங்கம்
26 அக்டோபர் 2025

அன்புள்ள அக்னஸ்,

தீபாவளிக்கு நீ அனுப்பிய கேக்குக்கு நன்றி. எங்கள் வீட்டு முறுக்கு கொஞ்சம் கருகிவிட்டது, அதனால் பதிலுக்கு ஒன்றும் அனுப்பவில்லை.

என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் செப்டம்பர் முழுக்க நினைத்தேன். புது நோட்டுகூட வாங்கவில்லை. ஒருநாள் பிலோமின்ராஜ் சார் லேபுக்கு வந்தார். ராமர் அண்ணனிடம், ஆறவிடாமல் ஓட்டும் அந்தச் சோதனையைத் தன் முன்னால் ஓட்டச் சொன்னார். ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நாற்பது தடவையும் பார்த்தார். எழுந்து போகும்போது, இனி இந்த ஆலையிலிருந்து வெளியே போகும் எந்தக் கலவையும் இதில் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பது போதாது, அறுபது வையுங்கள் என்றும் சொன்னார். ரிப்போர்ட் தாளில் பெயர் போட வேண்டுமே என்று ராமர் அண்ணன் யோசித்து, ‘புத்தூர் டெஸ்ட்’ என்று எழுதிவிட்டார். இப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பதினோரு கலவை செய்தேன். பிசினைக் குறைத்தேன். பிடி வந்தது, ஆனால் சூடாக்கி வேகமாகச் சுற்றும் சோதனையில் பிளேட் துண்டு துண்டாகச் சிதறியது. மெஷினின் இரும்பு மூடிக்குள் அது வெடித்த சத்தத்தில் கேன்டீன் ஆட்கள் வந்துவிட்டார்கள். வேறு பிசின் போட்டேன், சூடேறாதபோது பிடிக்கையில் அதிர்ந்தது. பித்தளைக் கம்பி இழையை அதிகம் சேர்த்தேன், எடை கூடியது. ஏழாவது நன்றாக வந்தது என்று சந்தோஷப்பட்டு எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன், மறுநாள் ஐம்பத்திரண்டில் வழுக்கியது. பன்னிரண்டாவது அறுபதையும் தாண்டியது. நம்பாமல் மறுபடி ஓட்டினோம். ஐந்து பிளேட், ஐந்தும் தாண்டின. சூடு முந்நூறு டிகிரி இருக்கும்போதும் பிடி விடவில்லை.

ஒரு குறை இருக்கிறது. முதல் பிளேட்டைத் தரும்போது நான் சொன்னபடி இரண்டு மடங்கு நாள் உழைக்காது. சாதாரண பிளேட்டைவிடக் கால் பங்குதான் கூடுதல். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீ ஓட்டிக் காட்ட வேண்டிய நாள் வருகிறது. உன் வண்டிக்கு ஒன்று வைத்திருக்கிறேன். வேண்டாம், கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்று நீ சொன்னால் எனக்கு வருத்தம் இல்லை. நிஜமாகவே இல்லை. மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன்.

மணிமேகலை

*

புத்தூர்
14 நவம்பர் 2025

மணி,

பிளேட்டை ஜமால் பாய் போட்டுக் கொடுத்து இன்றோடு பத்து நாள். எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

ஆர்.டி.ஓ. டெஸ்டுக்கு முந்தின நாள் காலையில் வண்டியை எடுத்தேன். பின் சீட்டில் வீட்டுக்காரரை உட்கார வைத்தேன், எடை வேண்டுமே. பொன்மலை மைதானத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் நின்று நின்று கிளம்பினேன். அவர் எண்ணிக்கொண்டு வந்தார். நாற்பத்தாறாவதில் தலை சுற்றுகிறது என்றார். ஆறவிடாமல் அப்படியே பாலத்துக்குத் திருப்பினேன். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தினேன். கண்ணாடியில் பின்னால் ஒரு மினி பஸ். ஹார்ன் அடித்தான். கிளட்ச்சை மெதுவாக விட்டேன். வண்டி ஒரு விரல்கடைகூடப் பின்னால் போகவில்லை, மணி. முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு ஏறியது. வாடை இல்லை. பாலத்துக்கு மேலே போனதும் வீட்டுக்காரர், “அவ்வளவுதானா?” என்றார். அவ்வளவுதான் என்றேன்.

மறுநாள் டெஸ்டில் தேறினேன். இன்ஸ்பெக்டர் முழு நேரமும் ரோட்டைப் பார்க்காமல் என் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கினேன். நாலு பேர் வந்தார்கள். நாலாவது ஆள் ஸஹ்ரா. அவளுடைய பதினோராவது நாள் பாதியில் நின்றுபோனதாம், அதிலிருந்து தொடங்க வேண்டுமாம். அவளை இடதுபக்கம் உட்கார வைத்து நான் ஓட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நீங்கள் உங்கள் இடத்திலேயே உட்காருங்கள், காலை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பாலத்தில் ஏறும்போது என் இரண்டு பாதமும் தரையில் இருந்தன. உள்ளங்கால் வேர்த்தது. வண்டி ஏறிவிட்டது. அவள் கியர் மாற்றினாள்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். பேசு. ஆனால் மத்தியானத்தில் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். நேற்று சாப்பிட்டு முடித்து, இரண்டு மணி வகுப்புக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறதே என்று நாற்காலியில் சாய்ந்தேன். கண் விழித்தபோது மணி நாலேகால். வெளியே பெஞ்சில் கற்றுக்கொள்ள வந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் அடுப்பில் டீயே போட்டுவிட்டாள். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். கதவைத் தட்டினோம், குறட்டைச் சத்தம் கேட்டது, எழுப்ப மனசு வரவில்லை என்றார்கள். ஜூன் மாதத்துக்குப் பிறகு நான் அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவை.

அக்னஸ்